ஜெப்ரி பாவாவும் அவர் கட்டிய நிலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கைக்குச் சுற்றுலா போகிறவர்கள், கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள், சொந்தமாக வீடு கட்டத் தொடங்கியவர்கள் என்று பலரும் ஜெப்ரி பாவாவைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

யார் இந்த ஜெப்ரி பாவா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இலங்கையின் கட்டடக் கலைஞர். 1919 ஜூலை 23இல் பிறந்து 2003 மே 27இல் காலமானார். கொழும்புக்கு அருகே ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை நகரிலுள்ள பாராளுமன்றம், தம்புள்ளைக்கு அருகே கண்டலம ஹோட்டல், மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகம், கொழும்பு பேரை வாவியில் மிதப்பதுபோல் நிற்கும் சீமா மாலகம் ஆகியவை எல்லாரும் அறிந்த வேலைகள். வீடுகள், பள்ளிக்கூடங்கள், அலுவலகங்கள் என்று இன்னும் நிறைய உண்டு. 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் சிறப்புத் தலைவர் விருது அவருக்குக் கிடைத்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே பக்கவாதம் தாக்கிப் படுக்கையில் விழுந்துவிட்டார்.

பாவா என்றால் முஸ்லிம் பெயர் ஆயிற்றே. அவர் எந்த இனம்?

தமிழ் வாசகர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தந்தை பெஞ்சமின் பாவா கொழும்பில் பேர்பெற்ற வழக்கறிஞர். அவர் வழியில் முஸ்லிம் இரத்தமும் ஆங்கில இரத்தமும் கலந்திருந்தன. தாய் பெர்த்தா ஷ்ராடர் பறங்கியர் (ஐரோப்பியக் கலப்பு வம்சத்தவர்) குடும்பம். அந்தப் பக்கம் ஜெர்மன், ஸ்கொட்லாந்து, சிங்கள உறவுகள் எல்லாம் உண்டு. ஆகவே ஒரு பெட்டிக்குள் போட்டு மூட முடியாத ஆள். அண்ணன் பெவிஸ் பாவாவும் தோட்டக்கலையில் பெரிய கை. களுத்துறை மாவட்டத்தில் அவர் உண்டாக்கிய ‘பிரீஃப்’ தோட்டம் இன்றும் இருக்கிறது.

சட்டம் படித்தவர் எப்படிக் கட்டடம் கட்ட வந்தார்?

கேம்பிரிட்ஜில் ஆங்கிலமும் சட்டமும் படித்து, 1944இல் லண்டனில் பாரிஸ்டர் ஆனார். போர் முடிந்து கொழும்பு திரும்பிச் சில காலம் வழக்கறிஞராக வேலை பார்த்தார். பிடிக்கவில்லை. 1946இல் தாய் இறந்த பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு உலகம் சுற்றக் கிளம்பினார். இத்தாலியில் கார்டா ஏரிப் பக்கம் ஒரு மாளிகை வாங்கி அங்கேயே தங்கிவிடலாம் என்று நினைத்தார். அது சரிவரவில்லை. 1948இல் ஊர் திரும்பி, பெந்தோட்டைக்கு உள்ளே தெத்துவ வாவிக் கரையில் கைவிடப்பட்ட ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கினார். அதுதான் லுணுகங்கை.

இத்தாலியத் தோட்டம்போல ஒன்றை இங்கே உண்டாக்கவேண்டும் என்பது ஆசை. ஆசை இருந்த அளவுக்குத் தொழில்நுட்பம் கையில் இல்லை. சுவர் எப்படி எழுப்புவது, மண்ணை எப்படித் தாங்கவைப்பது என்று தெரியவேண்டுமே. ஆகவே கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் நிறுவனத்தில் எச். எச். ரீடிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். ரீட் சீக்கிரமே இறந்துவிட, பாவா மறுபடி லண்டனுக்குப் போய் முறையாகக் கட்டடக்கலை படித்து, 1957இல் தகுதி பெற்றார். அப்போது வயது 38. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தில் பங்காளி.

இந்த வரிசையைக் கவனித்தால் அவருடைய கட்டடங்கள் புரியும். அவருக்கு முதலில் வந்தது நிலம். அந்த நிலத்தைச் சரிசெய்வதற்காகத்தான் கட்டடக்கலையையே படித்தார்.

லுணுகங்கையில் பார்க்க அப்படி என்ன இருக்கிறது?

பூப்பாத்தி, வண்ண விளக்கு என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். பெரும்பாலும் பச்சைதான். நிழல், புல், தண்ணீர், மரம், அங்கங்கே ஒரு சிலை அல்லது ஜாடி.

வீட்டின் தெற்கு முகப்பில் நின்று பாருங்கள். புல்வெளி இறங்கி, மறுபடி ஏறி, கறுவாக் குன்றின் உச்சிக்குப் போகும். அங்கே ஒரு மகிழ மரம், அதன் கீழ் ஒரு பெரிய சீன ஜாடி. கண் அந்த ஜாடியில் போய் நின்று, அதைத் தாண்டி வாவியைத் தொட்டு, அக்கரையில் கட்டகுலிய விகாரையின் வெள்ளைத் தாதுகோபத்தில் முடியும். ‘அடடா, என்ன பொருத்தமாக அமைந்திருக்கிறது’ என்று தோன்றும். தானாக ஒன்றும் அமையவில்லை. குன்றின் தலையைச் சீவி, மறைத்த மரங்களை எடுத்து, அந்தப் பார்வையைத் திறந்தவர் பாவா. வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவே ஊர்ப்பாதை ஒன்று வேறு போகிறது. ஊர்க்காரர் நடக்கும் வழியை அடைக்க முடியாது. பாதை பள்ளத்தில் போக, மேலே பாலம் ஒன்றைப் போட்டுவிட்டார். வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் பாதை இருப்பதே தெரியாது. சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால்தான் உண்டு.

வடக்கே வாவிக்கு மேலேயுள்ள மேடையில் ஓர் ஈழத்தலரி மரம். அதன் கிளைகள் நிமிர்ந்து போகாமல் பக்கவாட்டில் விரியவேண்டும் என்று எடைகளைக் கட்டித் தொங்கவிட்டு வளர்த்திருக்கிறார்கள். அப்புறம் மணிகள். தோட்டத்தின் வெவ்வேறு மூலைகளில் வெவ்வேறு ஒலியுள்ள மணிகள் தொங்கும். எந்த மணி அடிக்கிறது என்பதை வைத்து, பாவா இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறார், தேநீரை எங்கே கொண்டுபோகவேண்டும் என்று சமையலறையில் கண்டுபிடித்துவிடுவார்கள். எசமானின் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாளில் எந்த நேரத்துக்கு எந்த மூலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று அவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்திருந்த ஆள் என்பதும் அதில் தெரிகிறது.

1948இல் தொடங்கிய வேலையை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு விடாமல் செய்தார். இறந்தபோது அவருக்குச் சிதை மூட்டியதும் அந்தக் கறுவாக் குன்றில்தான்.

குன்றைச் சீவுவதும் மரத்தை வளைப்பதும் ‘இயற்கையோடு இயைந்த’ கட்டடக்கலையா?

நல்ல கேள்வி. பாவாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இயற்கையைத் தொடாமல் விட்டவர் என்று அவரைச் சொன்னால் அது பொய். மண்ணை வெட்டினார், சதுப்பை ஏரியாக்கினார், மரம் பிடுங்கினார், நட்டார். ஆனால் கட்டடத்துக்காக நிலத்தைத் தட்டையாக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. புல்டோசரைவிட்டு மட்டம் பண்ணி, நடுவில் ஒரு பெட்டியை வைத்து, மிஞ்சிய இடத்தில் குரோட்டன்ஸ் நடுவது இன்றைக்கு நாம் எல்லாரும் செய்வது. அவர் முதலில் நிலத்தில் நடப்பார். எங்கிருந்து பார்த்தால் எது தெரிகிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்தப் பாறையும் மரமும் நிற்கவேண்டும் என்று பார்த்துவிட்டுத்தான் கோடு போடுவார். அவருடைய அலுவலக வரைபடங்களைப் பார்த்தால் சுவருக்குச் சமமாக மரங்களும் இருக்கும். ஒவ்வொரு மரமும் அதனதன் இனத்துக்குரிய இலையோடு வரையப்பட்டிருக்கும்.

நிக்கவரட்டியவுக்கு அருகே பொலொன்தலாவ என்ற இடத்தில் 1960களில் கட்டிய தோட்டத்துரை பங்களா இதற்கு நல்ல உதாரணம். நிலம் முழுக்கப் பெரிய பெரிய பாறைகள். வேறு யாராவது என்றால் வெடி வைத்திருப்பார்கள். பாவாவும் கூட்டாளி உல்ரிக் பிளெஸ்னரும் கம்பும் கயிறும் எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்திலேயே வீட்டை அடையாளம் போட்டார்கள். சில இடங்களில் பாறையே சுவர். கூரையின் பாரம் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது.

கண்டலம ஹோட்டலைப் பற்றிச் சொல்லுங்கள். காட்டுக்குள் மறைந்திருக்கும் என்கிறார்களே?

ஹோட்டல் கட்ட வந்த நிறுவனம் முதலில் காட்டிய இடம் சீகிரியாக் குன்றின் அடிவாரத்துக்குப் பக்கத்தில். வியாபாரக் கணக்கில் அதைவிட நல்ல இடம் கிடையாது. பாவா வேண்டாம் என்றார். சில கிலோமீட்டர் தள்ளி, பழைய கண்டலமக் குளத்துக்கு மேலே ஒரு பாறைச் சரிவைக் காட்டினார். அங்கிருந்து பார்த்தால் கீழே குளம், அதற்கப்பால் காடு, தொலைவில் சீகிரியா. குன்றின் காலடியில் உட்கார்ந்தால் குன்று தெரியாது என்பது எவ்வளவு எளிய விஷயம், ஆனால் அதைக் காசு போடுகிறவரிடம் சொல்லிச் சம்மதிக்கவைக்க வேண்டுமே.

வேலை 1991இல் தொடங்கி 1994இல் முடிந்தது. அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கட்டடம் பாறையின் முகத்தைத் தொடர்ந்து வளைந்து வளைந்து போகிறது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறையும். தூண்கள்மேல் நிற்பதால் மழைக்காலத்தில் பாறையிலிருந்து வடியும் தண்ணீர் அடியால் ஓடிவிடும். விலங்குகளுக்கும் வழி உண்டு.

உள்ளே போகும்போது நடப்பதுதான் சுவாரசியம். நுழைவாயிலில் குளம் தெரியாது. குகைவாயில் மாதிரி ஓர் இடம், பக்கத்தில் நிஜமான பாறை. அதை உரசிக்கொண்டு ஒரு நடை. திரும்பினால்தான் திடீரென்று நீச்சல் குளமும் அதன் விளிம்புக்கு அப்பால் கண்டலமக் குளமும் ஒரே தண்ணீர்போலத் தெரியும். அறைகளுக்குப் போகும் தாழ்வாரங்களில் ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் ஈரப் பாறை. படிக்கட்டுக்கு மேலே சிற்பி லக்கி சேனாநாயக்க செய்த மாபெரும் ஆந்தை இறக்கை விரித்து நிற்கிறது.

வெளிப்புறம் வெறும் காங்கிரீட் சட்டகம். இருண்ட நிறம் பூசி, மேலே கொடிகளைப் படரவிட்டார்கள். முப்பது வருடத்தில் கொடி முகப்பை மூடிவிட்டது. குளத்தின் அக்கரையிலிருந்து பார்த்தால் கட்டடத்தைத் தேடத்தான் வேண்டும். புகைப்படக்காரர்களுக்கு இதனால் கஷ்டம், குரங்குகளுக்குக் கொண்டாட்டம். பால்கனிக் கதவைப் பூட்டிவையுங்கள் என்று ஹோட்டல்காரர்கள் சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதைக் கட்டும்போது பெரிய எதிர்ப்பு இருந்ததாமே?

இருந்தது. சுற்றுச்சூழல் அமைப்புகளும் பௌத்த பிக்குகளும் ஊர் மக்களும் 1992இல் போராடினார்கள். குளத்துத் தண்ணீர் கெட்டுப்போகும், சுற்றுலாவால் கிராமம் கெட்டுப்போகும், புனிதத் தலத்துக்குப் பக்கத்தில் ஹோட்டலா என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள். அந்தக் குளத்தை நம்பி வயல் செய்கிறவர்களின் பயத்தைக் குறை சொல்ல முடியாது. கழிவுநீரைச் சுத்திகரிப்பதிலும் காட்டைப் பேணுவதிலும் ஹோட்டல் பின்னாளில் கவனமாக நடந்து, லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழை உலகிலேயே முதலில் பெற்ற ஹோட்டல்களில் ஒன்றானது. அந்தப் போராட்டம் இல்லாவிட்டால் இவ்வளவு கவனம் இருந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அவர் செய்த ஏற்பாடு என்ன?

கூரையிலிருந்து தொடங்குவோம். அவருடைய கட்டடங்களில் முதலில் கண்ணில் படுவது கூரைதான். பெரிய, தாழ இறங்கும் ஓட்டுக் கூரை, வெளியே நன்றாக நீட்டிய இறவாரம். அதன் கீழே சுவர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

அரைவட்ட ஓடு போட்ட வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்: காகம் புரட்டும், பூனை ஓடும், அணில் நகர்த்தும், அடுத்த மழைக்கு வீட்டுக்குள் பாத்திரம் வைக்கவேண்டும். பாவாவின் அலுவலகம் இதற்கு ஒரு வழி கண்டது. அடியில் நெளிவுள்ள அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகடு, அந்த நெளிவுகளில் பதிந்தாற்போல மேலே பழைய அரைவட்ட ஓடு. தகடு மழையைத் தடுக்கும், ஓடு தகடு சூடாகாமல் காக்கும். ஓடு ஒன்றிரண்டு நகர்ந்தாலும் ஒழுகாது. பார்வைக்கு முழுக்க முழுக்கப் பழைய ஊர்க் கூரை. இலங்கையில் இந்த முறை வெகுவாகப் பரவியது. (இன்று செய்வதானால் அஸ்பெஸ்டஸ் வேண்டாம், அது நுரையீரலுக்குக் கேடு. அஸ்பெஸ்டஸ் கலக்காத தகடுகள் கிடைக்கின்றன.)

அடுத்தது முற்றம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு, செட்டிநாட்டு வீடு, சிங்களக் கிராமத்து வளவு, காலிக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் வீடு எல்லாவற்றிலும் நடுவில் வானம் திறந்திருக்கும். ஐரோப்பியப் பாணி பங்களா வந்தபோது வீடு நடுவிலும் தோட்டம் சுற்றிலும் என்று மாறியது. கொழும்பில் காணி துண்டுபட்டுச் சிறுத்தபோது அந்த முறை பல்லிளித்தது. நான்கு பக்கமும் நாலடி இடம், எந்த ஜன்னலைத் திறந்தாலும் பக்கத்து வீட்டுச் சுவர். 1960 தொடங்கி 1962க்குள் துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்குக் கொழும்பில் கட்டிய வீட்டில் பாவா இதைத் தலைகீழாக்கினார். தெருவுக்கு மதில், உள்ளே பெரிய முற்றம், சுற்றிலும் திறந்த அறைகள். சூடான காற்று முற்றத்தால் மேலே போக, நிழலான பக்கங்களிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும்.

அந்தக் காலத்தில் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு. கண்ணாடி, இரும்பு, நல்ல குழாய்ச் சாமான் எதுவும் எளிதில் கிடைக்காது. அது அவருக்குச் சாதகமாகப் போயிற்று என்றுகூடச் சொல்லலாம். கண்ணாடி இல்லையென்றால் திறந்துவிடு, இரும்பு இல்லையென்றால் மரத்தைப் போடு. பின்னாளில் கலரி கபே ஆன வீட்டில் தென்னை மரத்தையே மெருகேற்றிக் கருங்கல் பாதத்தில் தூணாக நிறுத்தினார்.

மாடிக் கட்டடத்துக்கு இதெல்லாம் சரிப்படுமா என்றால், கொழும்பில் 1970களின் பிற்பகுதியில் அரச ஈட்டு வங்கிக்காகக் கட்டிய பன்னிரண்டு மாடிக் கட்டடம் இருக்கிறது. மழை உள்ளே வராமல் காற்று மட்டும் வரும்படி ஜன்னலுக்குக் கீழே வழி விட்டு, ஏசி இல்லாமல் இயங்குவதற்காகத் திட்டமிட்டது.

பாராளுமன்றம் ஏன் ஏரிக்கு நடுவில்?

1979இல் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன புதிய பாராளுமன்றத்தை பாவாவிடம் ஒப்படைத்தார். இடம் கோட்டை, தியவன்னா ஓயாவின் சதுப்பு நிலம். பாவாவின் யோசனை, சதுப்பைத் தோண்டி ஏறத்தாழ 120 ஹெக்டேயர் ஏரியாக்கி, நடுவிலுள்ள மேட்டைத் தீவாக்கி அதன்மேல் கட்டுவது. 1982 ஏப்ரல் 29இல் திறந்தார்கள். மூன்றே ஆண்டில் முடித்தது ஜப்பானியக் கட்டுமான நிறுவனங்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர்மேல் சில கூரைகள் மட்டும் தெரியும். நடுக்கூரை பெரிது, சுற்றியுள்ளவை சிறிது, ஒன்றுக்கொன்று அளவெடுத்த மாதிரி நிற்காமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி நிற்கும். எல்லாம் செப்புத் தகடு வேய்ந்தவை. கண்டி அரண்மனை மண்டபமும் கோயில் மண்டபமும் ஒருசேர நினைவுக்கு வரும், ஆனால் எதையும் அப்படியே நகலெடுத்ததாகத் தெரியாது. கடும் செலவு என்ற குறை அன்றே இருந்தது. சதுப்பு நிலம் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் என்ற அறிவு இன்று கூடியிருப்பதால், அந்த நிலத்தில் கைவைத்தது சரியா என்றும் கேட்கிறார்கள்.

ஒரு பக்கக் குறிப்பு: கோட்டை என்ற நகரமே பதினான்காம் நூற்றாண்டில் அழகக்கோனார் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் படையைத் தடுக்கக் கட்டிய கோட்டையிலிருந்து வளர்ந்தது. அழகக்கோனார் குடும்பமோ தென்னிந்தியாவிலிருந்து வந்தது. இந்தத் தீவின் வரலாறு எந்த மூலையைத் தோண்டினாலும் இப்படித்தான் வரும்.

எல்லாம் அவர் ஒருவருடைய வேலைதானா?

இல்லவே இல்லை. டென்மார்க்கிலிருந்து வந்த உல்ரிக் பிளெஸ்னர் 1959 முதல் 1967 வரை கூட இருந்தார். அந்தக் காலத்து நல்ல வீடுகளில் அவருடைய கையும் சமமாக உண்டு. அவர் போன பிறகு அலுவலகத்தின் பங்காளியாக வந்தவர் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாவாவின் பெரிய கட்டடங்கள் எல்லாம் எழுந்து நின்றது இந்தத் தமிழரின் கணக்கிலும் நிர்வாகத்திலும்தான். பாவா ‘இந்தச் சுவரை எடுத்துவிடலாமே’ என்று கைகாட்டிவிட்டுப் போவார், அந்தச் சுவர் இல்லாமல் கூரை எப்படி நிற்கும் என்று பார்க்க ஒருவர் வேண்டுமல்லவா. அவர் பெயர் நம்மவர்களுக்கே தெரியாமல் இருப்பது வருத்தம்தான்.

லக்கி சேனாநாயக்கவின் சிற்பங்களும் ஓவியங்களும், ஏனா டி சில்வாவின் பத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும்) துணிகள், பார்பரா சன்சோனியின் கைத்தறி இவை இல்லாத பாவா கட்டடத்தை நினைத்துப் பார்க்க முடியாது. பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்தில் கூரையே ஏனாவின் பத்திக்தான்.

கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வாவையும் சொல்லாமல் விட்டால் அநியாயம். பாவா கட்டடக்கலைக்கு வருவதற்கு முன்பே, 1940களின் இறுதியில், கண்டியில் கருணாரத்ன வீட்டைக் கட்டத் தொடங்கியவர். உள்ளூர் நெசவு, களிமண் ஓடு, முற்றம், நவீனக் காங்கிரீட் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தார். புகழ் போய்ச் சேர்ந்தது பாவாவுக்கு. மினெட்டின் கட்டடங்களில் பல இடிந்தே போய்விட்டன.

தமிழ்நாட்டில் ஏதாவது கட்டியிருக்கிறாரா?

ஆம். மதுரை கோச்சடையில் மதுரா கோட்ஸ் ஆலை அதிகாரிகளுக்காக 1970களின் தொடக்கத்தில் கட்டிய மதுரை கிளப் அவருடையது. அது இப்போது ஒரு ஹோட்டலுக்குள் இருக்கிறது. மழைக்குப் பயந்து கட்டிய பெந்தோட்டை எங்கே, வெயிலுக்குப் பயந்து கட்டவேண்டிய மதுரை எங்கே. இங்கே கருங்கல் சுவரும் மரநிழலும்தான் பிரதானம். சென்னை கன்னிமரா ஹோட்டலை அதே பத்தாண்டில் மாற்றியமைத்ததும் பாவாதான்.

போக்குவரத்து ஒருவழி அல்ல. கொழும்பு பகத்தல வீதிக்கு அருகே 33ஆம் ஒழுங்கையில் அவர் வாழ்ந்த 11ஆம் இலக்க வீட்டில் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. பழைய வீடு எங்கே இடிபட்டாலும் தூணும் கதவும் வாங்கிச் சேர்க்கும் பழக்கம் அவருக்கு. அந்த 11ஆம் இலக்கமே வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கியது.

கடைசியில் இது பணக்காரர்களின் கட்டடக்கலைதானே?

பெரும்பகுதிக்கு ஆம். ஹோட்டல், தனவந்தர் வீடு, அரசின் பிரம்மாண்டம். அவரே ரோல்ஸ் ரொய்ஸ் வைத்திருந்தவர். காணியும் ஆளும் காசும் இருந்தால் நானும்தான் அழகாகக் கட்டுவேன் என்று ஒரு மேசன் நண்பர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ருகுணு பல்கலைக்கழகத்தைப் பார்த்தால் இந்தக் குறை கொஞ்சம் தளரும். மாத்தறையில் கடலைப் பார்த்த குன்றுகள்மேல் 1980களில் கட்டியது. ஐம்பது வரையான தனித்தனிக் கட்டடங்கள், சரிவுக்கு ஏற்ப ஏறி இறங்கும் மூடிய நடைகள், சாதாரணப் பூச்சு, சாதாரண ஓடு. ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. வகுப்பு மாறும்போது மழையில் நனையாமல் போகலாம், வழியில் உட்காரத் திட்டு, திட்டில் உட்கார்ந்தால் கடல். எனக்கு அவர் செய்ததிலேயே பிடித்தது இதுதான். ஹங்வெல்லயில் பெண்பிள்ளைகளுக்கான பண்ணைப் பள்ளியும் இந்த வரிசையில் வரும்.

ஏனா டி சில்வாவின் வீட்டைப் பெயர்த்து வேறு இடத்தில் கட்டினார்களாமே?

உண்மை. நகர நடுவில் காணி விலை ஏற, வீடு இடிபடும் நிலை வந்தது. 2009இல் லுணுகங்கை அறக்கட்டளை வீட்டை மட்டும் வாங்கி, கல், ஓடு, தூண், கதவு என்று எல்லாவற்றுக்கும் எண் போட்டுக் கழற்றி, லுணுகங்கைக்குப் பக்கத்தில் மறுபடி எழுப்பியது. வீடு காப்பாற்றப்பட்டது பெரிய விஷயம். ஆனாலும் நெரிசலான தெருமூலைக்கு முதுகைக் காட்டக் கட்டிய வீடு இப்போது தோட்டத்துக்கு நடுவில் நிற்கிறது. அந்த மதில் யாரைத் தடுக்கிறது என்று புதிதாக வருகிறவருக்குப் புரியாது.

இரண்டு நாள்தான் இருக்கிறது. எதையெதைப் பார்க்கலாம்?

முதல் நாள் கொழும்பு. காலையில் 11ஆம் இலக்க வீடு, வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும், முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். மத்தியானம் கலரி கபேயில் ஒரு தேநீர். முன்பு அது பாவாவின் அலுவலகம், விலை கொஞ்சம் கூட, ஆனால் நுழைவுக் கட்டணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் வெயில் தணிந்ததும் சீமா மாலகம். கங்காராம விகாரைக்குச் சொந்தமான இந்தத் தியான மண்டபத்தைக் கட்டப் பணம் கொடுத்தது ஒரு முஸ்லிம் குடும்பம் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

இரண்டாம் நாள் காலி ரயிலில் பெந்தோட்டைப் பக்கம் இறங்கி, முச்சக்கரவண்டியில் லுணுகங்கை. வெளிநாட்டவர் கூட்டம் இல்லாத நேரமாகப் போனால் நல்லது. மழை பெய்தால் திரும்பிவிடாதீர்கள், அந்தத் தோட்டம் மழைக்கென்றே கட்டியது. அங்கே தங்கவும் முடியும், காசு இருந்தால். கண்டலமவுக்கு வேறொரு பயணம் வையுங்கள், அது எதிர்த் திசை.

நான் ஐந்து பேர்ச் அளவுள்ள சின்னக் காணியில் வீடு கட்டுகிறேன். எனக்கு இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?

உண்டு. முதலில், கட்டட வரைபடம் போடுகிறவரிடம் காணியிலுள்ள மரங்களையும் அளந்து குறிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் செய்யமாட்டார்கள், கேட்டால் செய்வார்கள். தென்னையோ மாவோ ஒன்று நின்றுவிட்டால் மேற்கு வெயிலுக்கு அதைவிட மலிவான மருந்து இல்லை. இரண்டாவது, இறவாரத்தை மூன்றடியாவது வெளியே நீட்டுங்கள். ஜன்னலுக்குமேல் ஓரடி நீட்டிய காங்கிரீட் பலகையால் சாரலும் நிற்காது, வெயிலும் நிற்காது.

முற்றம் பெரிதாக இருக்கவேண்டும் என்றில்லை. எட்டடிக்கு எட்டடி விட்டாலும் நடு அறைக்கு வெளிச்சம் வரும், காற்று நகரும். தண்ணீர் வடிய வழி மட்டும் சரியாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் முதல் அடைமழையில் கதிரைகள் மிதக்கும். நான்கு பக்கமும் நாலு நாலடி விடுவதைவிட ஒரு பக்கம் சேர்த்து விட்டால் அது இடமாக உதவும், ஆனால் உங்கள் பிரதேச சபையின் எல்லை விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒன்றைப் பற்றி எந்தப் படப் புத்தகமும் பேசாது: நுளம்பு. திறந்த வீடு என்றால் நுளம்பும் வரும். பாவா வீட்டில் வலை கட்டிக் கட்டிலைப் போட ஆள் இருந்தது. உங்கள் வீட்டில் படுக்கை அறைகளுக்காவது வலைக் கதவு போடுங்கள், மற்ற இடத்தைத் திறந்துவிடுங்கள்.